பிளாஸ்திரியில் எழுதிய நேரம்

விடிவதற்குள் முப்பத்தெட்டுக் கட்டில். காய்ச்சல் பார்த்து, ஊசி போட்டு, எல்லாவற்றையும் புது டேப்லெட் கணினியில் ஏற்ற வேண்டும். ஆளுக்குப் பதினோரு பக்கம். ஆறாம் பக்கத்தில் திரை நின்று வட்டம் சுற்ற ஆரம்பித்தால் சுற்றிக்கொண்டே இருக்கும். வலியில் கூப்பிடுகிறவர் அதுவரை வாயை மூடிக்கொண்டா இருப்பார்? வார்டு நர்சுகளுக்கெல்லாம் அக்காவான அவள், முன்கையில் பிளாஸ்திரி ஒட்டி, அதில் நேரத்தோடு குறித்துக்கொள்வாள். வேலை ஓய்ந்தபின் ஏற்றுவாள். எல்லோரும் அப்படித்தான். கூடாதென்று சுற்றறிக்கை வந்ததிலிருந்து முழுக்கைச் சட்டைக்குள் மறைத்து எழுதினார்கள்.

போன வாரம் ஆறு மணிக்கு அவள் போட்ட இன்சுலின் ஏழு மணிவரை திரையில் ஏறவில்லை. அவள் மூச்சுத் திணறிய இன்னொருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். பகல் ஷிஃப்டுக்கு வந்தவள் திரையை நம்பி மறுபடி போட்டுவிட்டாள். ஒன்பதாம் கட்டில் பெரியவர் வியர்த்துச் சரிந்தார். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். பழி அக்காவின் தலையில் விழுந்தது.

இன்று ஷிஃப்ட் முடிந்ததும் மேலாளர் கூப்பிட்டார்.

"புது டேப்லெட்டோட சோதனை இன்னையோட முடியுது. டேப்லெட் திருப்தின்னு டிக் பண்ணுங்க. உங்க விசாரணை ஃபைலையும் மூடிடலாம்."

படிவத்தில் பத்துக் கேள்வி. ஆம், இல்லை, அவ்வளவுதான்.

"ஆறாம் பக்கத்துல நிக்குதுன்னு சொல்ல இடமே இல்லையே சார்?"

"அதை ஏன் தலையில போட்டுக்கிறீங்க? அடுத்த மாசம் எல்லா வார்டுக்கும் போகப்போகுது."

"இதைச் செஞ்சவங்க ஒரு நாளாவது விடியக்காலையில வந்து பாத்தாங்களா?"

"மெஷின் பொய் சொல்லாதும்மா. நீங்கதான் லேட்டு."

வீட்டில் அவள் ஒருத்தியின் சம்பாத்தியம்தான். டிக் போட ஒரு நொடி போதும், பேனாவைக்கூட எடுத்துவிட்டாள். எல்லா வார்டுக்குமா? இன்னும் எத்தனை பேர் சரிய வேண்டும்? பேனாவைக் கீழே வைத்தாள். சட்டைக் கையைச் சுருட்டி, பிளாஸ்திரியைப் பிடித்து உரித்தாள். கை முடியும் சேர்ந்து வந்தது. அதைப் படிவத்தின் மேலேயே ஒட்டினாள்.

"இதான் சார் என் பதில். எந்தக் கட்டில், எத்தனை மணின்னு எல்லாம் இருக்கு."

"இதுவே குத்தம், தெரியுமில்ல?"

"அப்ப என் பேரையும் எழுதிக்கங்க சார்."

அறை வாசலில் பகல் ஷிஃப்டுக்காரி. அன்று இரண்டாவது ஊசி போட்டவள். முகம் வெளுத்திருந்தது, சட்டைக் கை மேலேறியிருந்தது. அவளுக்குப் பின்னால், டிக் போடக் காத்திருந்த நால்வர். வார்டில் மூன்று பேரை நிறுத்திவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அவர்களும் உள்ளே வந்து தங்கள் பிளாஸ்திரியை உரித்து ஒட்டினார்கள். ஒருத்தி உரிக்கும்போது "ஸ்ஸ்" என்றாள், மற்றவர்கள் சிரித்துவிட்டார்கள். பிளாஸ்திரிகளுக்கு அடியில் படிவம் மறைந்துபோனது.

"நாளைக்கு விடியக்காலை அஞ்சு மணிக்கு இதைச் செஞ்சவங்களை வரச் சொல்லுங்க. எங்ககூட கட்டில் கட்டிலா நடக்கட்டும். அதுவரைக்கும் யாரும் டிக் போட மாட்டோம்" என்றாள் அக்கா.

மேலாளர் போனை எடுத்தார். யாரைக் கூப்பிடப் போகிறாரோ தெரியவில்லை. விசாரணை ஃபைல் இன்னும் மேசையில் திறந்தே கிடந்தது. ஒருத்தியும் நகரவில்லை.