கன்னிவாடியிலிருந்து வராத ஈசிஜி

மூன்று பத்துக்குக் கன்னிவாடி கிளினிக்கிலிருந்து நர்ஸ் புஷ்பமேரி போன் செய்தபோது, நஸீரா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“நஸீரா, ஈசிஜி அனுப்பி அஞ்சு நிமிஷமாச்சு. அங்க டாக்டரம்மாவுக்கு வரலையாம். சின்னக்கண்ணுன்னு ஒருத்தர, நெஞ்சு வலின்னு தோட்டத்துல இருந்து தூக்கிட்டு வந்திருக்காக. வேர்த்துக் கொட்டுது. செத்த பாரு தாயி.”

திண்டுக்கல்லில் அந்த ஆஸ்பத்திரியின் நெட்வொர்க் முழுக்க நஸீராவின் பொறுப்பு. அன்று மதியம்தான் ரூட்டரில் இரண்டாவது இன்டர்நெட் லைனைச் சேர்த்திருந்தாள். ஸ்கேனும் ஈசிஜியும் பழைய லைனில், மற்றதெல்லாம் புது லைனில் என்று விதி எழுதியிருந்தாள். ஸ்கேனைச் சோதித்தாள். ஈசிஜியைச் சோதிக்கவில்லை.

அவசரப் பிரிவுக்கு ஓடினாள். டாக்டர் கௌசல்யா வெற்றுத் திரைக்கு முன்னால் நின்றிருந்தார்.

“போன்ல போட்டோ அனுப்பச் சொன்னேன். அங்க கருவித் திரையில வெளிச்சம் அடிச்சு போட்டோவுல ஒண்ணும் தெரியல. ஆம்புலன்ஸ் போயிருக்கு. ஆனா ரத்தக்குழாய் அடைப்புன்னா, கட்டியக் கரைக்கிற ஊசிய அங்கயே போட்டாகணும். அடைப்பு இல்லாம போட்டா ஆபத்து. பாக்காம நான் எப்படிச் சொல்றது? எம்புட்டு நேரமாகும்?”

“பாக்குறேன் மேடம்” என்றாள்.

ரூட்டர் அறைக்கு மேனேஜர் பிராங்கிளினும் பின்னாலேயே வந்தார். “எங்கயாச்சும் கேபிள் அறுந்திருக்கும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணும்மா.”

“வேணாம் சார். திரும்ப வர நாலு நிமிஷமாகும். தியேட்டர்ல ஸ்கேன் படத்தப் பாத்துத்தான் ஆபரேஷன் நடந்துக்கிட்டிருக்கு.”

ரூட்டரின் விதிகளின் பட்டியலைத் திறந்தாள். ஆஸ்பத்திரிக்குள் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் உண்டு. வெளியே போகும்போது அத்தனையும் ரூட்டரின் ஒரே எண்ணில்தான் போகும். இப்போது லைன் இரண்டு, வெளி எண்ணும் இரண்டு. அவசரப் பிரிவில் ஈசிஜியை வாங்கும் கம்ப்யூட்டர் கன்னிவாடியை அழைத்தால், அழைப்பு போன அதே லைனில் ரூட்டர் ஒரு வாசலைத் திறந்துவைக்கும். படம் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வர முடியும். கன்னிவாடிக் கருவிக்கோ பழைய எண் மட்டுமே தெரியும்.

விதியில் ஈசிஜி கம்ப்யூட்டரின் எண் நாற்பது என்றிருந்தது. சட்டென்று உறைத்தது. இரண்டு மாதத்துக்கு முன் அந்தக் கம்ப்யூட்டரை மாற்றியாயிற்று. புதியதன் எண் ஐம்பத்திரண்டு. பழைய பட்டியலைப் பார்த்து, இல்லாத கம்ப்யூட்டருக்கு வழி போட்டிருக்கிறாள். இருக்கிற கம்ப்யூட்டர் புது லைனில் அழைத்து அங்கே வாசலைத் திறந்திருந்தது. படமோ பழைய லைனின் மூடிய கதவில் முட்டிக்கொண்டிருந்தது.

எண்ணை மாற்றினாள். போனில், “அக்கா, மறுபடி அனுப்புங்க.”

வரவில்லை.

“அவருக்கு முடியல நஸீரா” என்றாள் புஷ்பமேரி. அவள் குரலுக்குப் பின்னால் ஒரு பெண்ணின் அழுகை கேட்டது.

ஏற்கெனவே தொடங்கிய தொடர்பை ரூட்டர் இன்னும் பழைய நினைவிலேயே பிடித்துவைத்திருக்கிறது. நஸீரா அந்தத் தொடர்புப் பட்டியலின் நூற்றுக்கணக்கான வரிகளில் ஐம்பத்திரண்டைத் தேடினாள். கண் மங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி தேடி, அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள். இனி கம்ப்யூட்டர் பழைய லைனில் புதிதாக அழைக்கும்.

“இன்னொரு தடவ அக்கா.”

சில நொடிகளில், “வந்திருச்சு!” என்று டாக்டரின் குரல் வராந்தா வரைக்கும் கேட்டது. “அடைப்புதான். புஷ்பமேரி, ஊசியப் போடு.”

மணி மூன்று இருபத்தெட்டு.

சாயங்காலம் பிராங்கிளின் அறிக்கையில் ‘கேபிள் கோளாறு’ என்று எழுதிக்கொண்டிருந்தார். யாரும் அவளைக் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம்.

“கேபிள் இல்ல சார். நான்தான் நம்பரத் தப்பாப் போட்டேன். சோதிச்சும் பாக்கல.”

அவர் பேனாவை வைத்துவிட்டுத் தாளை அவளிடம் நீட்டினார். “அப்ப நீயே எழுதிக் குடு” என்றார்.

எழுதிக் கொடுத்துவிட்டு ஐசியூ வாசலில் டாக்டருக்காகக் காத்து நின்றாள்.

“மேடம், என்னால ஆன தாமதத்துல அவருக்கு ஏதாச்சும்…”

“ஒண்ணுமில்லன்னு சொல்ல மாட்டேன் நஸீரா. சீக்கிரம் போட்டிருந்தா இன்னும் நல்லது. ஆனா ஆளு பொழச்சுக்கிட்டாரு.”

கண்ணாடி வழியே பார்த்தாள். ஆம்புலன்ஸில் வந்து சேர்ந்திருந்த சின்னக்கண்ணு தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி பேச்சாயி கட்டிலருகே நின்று, அவர் காலில் ஒட்டியிருந்த தோட்டத்து மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள்.