பூவாயி கொல்லைக்கு எந்த டயர்

எங்கள் ஊர் மருந்தடிக்கும் வண்டிக்குத் தினமும் காலையில் வேறு டயர் மாட்ட வேண்டும். பொழுது சாய்ந்ததும் மாட்டிய டயர்கள் தாமாகக் கழன்று அவரவர் வீட்டுக்குப் போய்விடும். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவற்றுக்கும் குடும்பம் இருக்கிறது.

வண்டி உழவர் குழுவுக்குச் சொந்தம். ஓட்டுவது நான், மருதமுத்து. அறுநூறு லிட்டர் மருந்துத் தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு வண்டி உயரமாக நிற்கும். இரண்டு கையையும் விரித்தால் பதினாறு வரிசை மக்காச்சோளத்துக்கு ஒரே நேரத்தில் மருந்து விழும். சக்கரம் நான்கும் வரிசைக்கு வரிசை உள்ள இரண்டடி இடைவெளிக்குள் ஓட வேண்டும். அதனால் டயர் சரியாக இருக்க வேண்டும். ஓட்டுகிறவன் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

டயர் ஆபீஸ் என்பது ஒரு நீள வராந்தா. இரண்டு பக்கமும் பெஞ்சு. பெஞ்சுகளில் டயர்கள் குளித்துவிட்டு உட்கார்ந்திருக்கும். கடைசியில் ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் திருஞானம் சார். உண்மை பேசுகிறவனுக்கு அந்த வராந்தா நாற்பது அடி. மற்றவர்களுக்கு நீளும்.

டயர் கேட்கிறவன் முந்தின நாள் வெறுங்காலோடு, மருந்தடிக்கப் போகிற கொல்லைக்குள் நடந்திருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் குதிகாலை ஊன்றிப் பார்க்க வேண்டும். குதிகால் இறங்கவில்லை என்றால் ஒல்லி டயர். அது செடியை உரசாமல் போய் வரும். இறங்கினால் அகல டயர். அது ஓரத்துச் செடிகளை மிதிக்கும், ஆனால் புதையாது. கணுக்கால் வரை இறங்கினால் டயரே கிடையாது. வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்.

எங்கள் மண் கரிசல். மழை பெய்து இரண்டு நாள் வெயில் அடித்தால் மேலே அப்பளம் மாதிரி காய்ந்து கிடக்கும். கீழே களி. வரப்பில் நின்று பார்க்கிறவனுக்கு அப்பளம் மட்டும்தான் தெரியும். குதிகால் பார்ப்பது அதற்காகத்தான்.

அன்று நான் நடக்கவில்லை.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. பூவாயி அக்கா கொல்லையில் நடக்கத்தான் கிளம்பினேன். வரப்பில் ஏறும்போது செல்போனில் ஒரு செய்தி வந்தது. போன வருஷம்தான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியிருந்தேன். நின்று படித்தேன். ஒரு எழுத்தைப் பிடித்துவிட்டு அடுத்ததுக்குப் போவதற்குள் முந்தினது நகர்ந்து வேறு இடத்தில் உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் பிடித்துவிட்டேன். ‘வறண்ட வானிலை நிலவும்’ என்று இருந்தது.

எழுத்திலேயே போட்டிருக்கும்போது குதிகால் எதற்கு என்று தோன்றியது. திரும்பி வந்து படுத்துக்கொண்டேன். அந்தச் செய்தி வானத்தைப் பற்றியது. மண்ணைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் இல்லை. இது எனக்கு அப்போது தெரியவில்லை.

மறுநாள் காலை திருஞானம் சார் முன்னால் நின்றேன்.

“எந்தக் கொல்லை?”

“பூவாயி அக்கா கொல்லைங்க. ஒன்றரை ஏக்கரு. மக்காச்சோளம் இடுப்பு உசரம் நிக்குது. படைப்புழு விழுந்துருச்சு.”

“நடந்தியா?”

“நடந்தேங்க.”

எனக்குப் பின்னால் வராந்தா ஒரு முழம் நீண்டது. பெஞ்சு இழுபடுகிற சத்தம் கேட்டது. சார் நிமிர்ந்து பார்த்தார். நான் இருமினேன்.

“குதிகால் எறங்குச்சா?”

“இல்லீங்க. சிமெண்டுத் தரையாட்டம் இருக்கு.”

“அஞ்சு எடத்துலயும் பாத்தியா?”

“ஆறு எடத்துல பாத்தேங்க.”

“ஆறாவது எடம் எதுய்யா?”

“சும்மா, ஆசைக்குங்க.”

அவர் ஒரு தாளை நீட்டினார். ‘நடந்தார்’ என்று போட்ட கட்டத்துக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். கைநாட்டு வைத்த காலத்தில் பொய் சொன்னால் அது கட்டைவிரல் சொன்ன பொய். கையெழுத்தில் என் பெயர் முழுசாக இருந்தது. நன்றாகவே வந்திருந்தது.

“ஒல்லி நாலு கூட்டிக்கிட்டுப் போ” என்றார் சார். “நல்ல புள்ளைங்க. ஈரத்தைக் கண்டா மட்டும் நிக்கத் தெரியாது.”

நான்கும் எழுந்து என்னோடு வந்தன. வாசலைத் தாண்டியதும் முன்னால் உருண்ட டயர் என்னிடம் கேட்டது.

“அண்ணே, நெசமா நடந்தீங்களா?”

“ம்.”

“இல்ல, எங்களுக்கும் புள்ளகுட்டி இருக்கு. அதான் கேட்டேன்.”

“தெரியும். வா.”

அது முன்னால் உருண்டு போனது.

பூவாயி அக்கா வரப்பில் நின்றிருந்தாள். புருஷன் இல்லாதவள். கயிறு பிடித்து ஒவ்வொரு விதையையும் தானே ஊன்றியவள். அந்த ஒன்றரை ஏக்கர்தான் அவளுக்கு இருப்பது. ஒரு சொம்பில் மோர் வைத்திருந்தாள்.

“நடந்து பாத்துட்டேல்ல, தம்பி?”

“பாத்துட்டேன்க்கா.”

“நேத்து பூரா நான் இங்கதான கெடந்தேன். ஒன்னையக் காணுமே.”

“அந்தப் பக்கமா வந்தேன்.”

“அந்தப் பக்கம் ஏரியில்ல இருக்கு.”

“ஏரி வழியாத்தான் வந்தேன்.”

அவள் என் காலைப் பார்த்தாள். பிறகு மோரை நீட்டினாள். குடித்தேன். உப்புச் சரியாக இருந்தது.

வண்டியை உள்ளே இறக்கினேன். இருபது அடி வரைக்கும் அப்பளம் தாங்கியது. அப்புறம் நொறுங்கியது. இடது பக்கத்து டயர் இரண்டும் களிக்குள் போயின. வலது பக்கத்து இரண்டும் வேறு வேலை இருப்பது போல வேறு பக்கம் போயின. வண்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நகர்ந்தது.

நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் நான் நடக்கவில்லை என்பது தெரிந்துவிடும். அதனால் முன்னால் போனேன். பின்னால் வந்தேன். ஒவ்வொரு தரம் வரும்போதும் போகும்போதும் மூன்று வரிசை, நான்கு வரிசை சாய்ந்தது. செடிகள் சத்தமே போடவில்லை. மருந்தை மட்டும் நிறுத்தாமல் அடித்துக்கொண்டே இருந்தேன், வேலை நடப்பதாக இருக்கட்டும் என்று. படுத்த செடிகளின் மேல் மருந்து விழுந்தது. புழுக்கள் நின்ற செடிகளுக்கு மாறிக்கொண்டன.

நாற்பது வரிசை போனது. டயர்கள் பொழுது சாய்வதற்கு முன்பே கழன்று, என்னைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டன. வண்டி வயிற்றைத் தரையில் வைத்து உட்கார்ந்தது.

பூவாயி அக்கா வரப்பிலிருந்து கேட்டாள்.

“வண்டிக்கு ஒண்ணும் ஆகலையே?”

“இல்லக்கா.”

“நான்தான் நெருக்கி ஊனிப்புட்டேன் போல.”

அவள் நெருக்கி ஊனவில்லை. இரண்டடி, கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்தது. இது எனக்குத் தெரியும். நான் காலி சொம்பைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது நாற்பது வரிசையும் எனக்கு முன்னால் வந்திருந்தன. நடு வீட்டில் வரிசை மாறாமல் படுத்திருந்தன. என் மனைவி சின்னப்பொண்ணு சோற்றுப் பானையோடு நின்றிருந்தாள்.

“யாரு இவங்க?”

“தெரிஞ்சவங்க.”

“சாப்பிடுவாங்களா?”

“இப்ப சாப்பிடுற நெலமையில இல்ல.”

“நீ என்னா பண்ணுன?”

“நான் ஒண்ணும் பண்ணல. மழை.”

அவள் இரண்டடி இடைவெளிக்குள் தட்டை வைத்துச் சுலபமாக உட்கார்ந்து சாப்பிட்டாள். நானும் உட்கார்ந்தேன். சோற்றுக்குக் கையை நீட்டியபோது ஒரு தண்டு முறிந்தது. கையை எடுத்தபோது இன்னொன்று முறிந்தது. சாப்பிடாமல் எழுந்தேன். எழுந்ததில் மூன்று.

“ஒக்காரவே தெரியல ஒனக்கு” என்றாள் சின்னப்பொண்ணு.

விடிவதற்குள் நாற்பது வரிசையும் கொல்லைக்குத் திரும்பிவிட்டன. மறுநாள் காலை மறுபடியும் டயர் ஆபீசுக்குப் போனேன். எனக்கு முன்னால் பூவாயி அக்கா நின்றிருந்தாள். அவள் கொல்லையைப் பாய் மாதிரி சுருட்டி இடுப்பில் இடுக்கியிருந்தாள். சுருளின் ஒரு முனையில் மிச்சம் இருந்த மக்காச்சோளத்தின் நுனிகள் ஆடிக்கொண்டிருந்தன. இலைகளில் ஓட்டை. புழு தின்றுகொண்டிருந்தது.

திருஞானம் சார் பயிர் சேதப் படிவத்தைப் படித்தார்.

“தப்பு யாரு மேல? டயரு மேலயா, கொல்லை மேலயா, ஆளு மேலயா?”

“டயருங்க பாவம்” என்றாள் பூவாயி அக்கா. “கொல்லை மேலன்னே போட்டுக்குங்க.”

“கொல்லை மேலன்னா அதை உள்ள வெச்சிருவோம். தெரியுமில்ல?”

அவருக்குப் பின்னால் இரும்பு அலமாரி இருந்தது. தப்பு செய்த கொல்லைகள் சுருட்டிக் கயிறு கட்டி அடுக்கப்பட்டிருந்தன. ஏழு வருஷம் வைப்பார்கள். சிலவற்றைக் கரையான் அரித்திருந்தது. ஒன்றிலிருந்து பழைய கடலைச்செடி ஒன்று எட்டிப் பார்த்தது. அது என்னவோ கேட்க வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டது.

“தெரியுங்க” என்றாள் அவள்.

“அதுக்கப்புறம் நீ என்னா பண்ணுவ?”

“பாக்கணும்.”

சார் கைநாட்டு வைக்க மைத்திண்டை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் கட்டைவிரலைப் புடவையில் துடைத்தாள்.

நான் சொல்ல வேண்டும். எனக்கு அது தெரிந்தது. வாயைத் திறந்தேன். மூடினேன். மூடியதும் வராந்தா நீண்டது. மேசை பின்னால் போனது. பூவாயி அக்கா ஒரு சாண் அளவு ஆனாள். நான் பேசாமல் நின்றேன். மறுபடியும் நீண்டது. அவள் விரல் அளவு ஆனாள். அவளுடைய கட்டைவிரல் மைத்திண்டின் மேல் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை.

“நடக்கலீங்க” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம்.

“நான் நடக்கலீங்க” என்று கத்தினேன்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த டயர் அடுத்த டயரிடம் திரும்பியது. “நடக்கலயாம்.” அது அடுத்ததிடம் சொன்னது. “நடக்கலயாம்.” பெஞ்சு பெஞ்சாக அது போனது. இருநூறு டயர் இருக்கும். நடுவில் ஒன்று காது கேட்காத கிழட்டு டயர். “என்னாது?” என்றது. “நடக்கவே இல்லியாம்யா அந்த ஆளு. மருதமுத்து. ஆறு எடத்துல பாத்தேன்னானே, அவன்.” “அடப்பாவி” என்றது கிழட்டு டயர். என்னோடு வந்த நான்கு ஒல்லி டயர்கள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் அடுத்ததைத் தட்டி விட்டன. கடைசியில் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

வராந்தா ஒரே நொடியில் சுருங்கியது. என் வயிறு மேசையில் இடித்தது.

“ஏன்யா நடக்கல?” என்றார் சார்.

“எழுத்துல போட்டிருந்துச்சுங்க.”

செல்போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

“இது வானம்.”

“ஆமாங்க.”

“வானத்துக்கு இங்க டயரு குடுக்குறதில்ல.”

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். நான் பூவாயி அக்கா பக்கம் திரும்பினேன். முகத்தைப் பார்க்காமல் சுருளைப் பார்த்துச் சொன்னேன்.

“மன்னிச்சுக்கக்கா.”

“எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். “ஏரி வழியா வந்தவன் கால் நகத்துல சேறு இல்ல, புழுதிதான் இருந்துச்சு.”

“தெரிஞ்சுமா விட்ட?”

“மூஞ்சிக்கு நேரா நின்னு சொல்ற. அதை எப்படிப் பொய்யிங்கிறது? எனக்குக் கூச்சமா இருந்துச்சு, தம்பி.”

 அலமாரிக்குள் கரையான் அரிக்கிற சத்தம் கேட்டது.

சார் படிவத்தைக் கிழித்தார். “பிரிச்சுப் போடும்மா” என்றார்.

பூவாயி அக்கா வராந்தாவில் கொல்லையை உதறி விரித்தாள். டயர்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று இடம் விட்டன. படுத்தது படுத்தபடி, நின்றது நின்றபடி, ஒன்றரை ஏக்கரும் கிடந்தது.

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினேன். பூவாயி அக்காவும் கூட இறங்கினாள். தினம் நடக்கிறவள். மண் அவளைத் தாங்கியது. என்னைத் தாங்கவில்லை.

“எவ்வளவு எறங்குது?” என்றார் சார், பேனாவோடு.

“கணுக்காலுங்க.”

“கூட்டாம கொறைக்காம சொல்லு.”

“முழங்காலுங்க.”

“இப்ப சொல்லு. எந்த டயரு?”

“எந்த டயரும் வேணாங்க.”

“அப்ப புழுவை யாரு பாக்குறது?” என்றாள் பூவாயி அக்கா.

“முதுகு டேங்குல அடிக்கிறேன்க்கா. நிக்கிறது மொத்தமும் நானே அடிச்சுத் தர்றேன்.”

“எப்ப?”

“இப்பவே.”

சார் மேசைக்கு அடியிலிருந்து பதினாறு லிட்டர் டேங்கை எடுத்து நிரப்பி என் முதுகில் மாட்டினார். அந்தக் கனத்தில் இடுப்பு வரை போனேன். நடு இடத்துக்கு வந்தபோது மார்பு வரை. அதையும் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். கைப்பிடியை அடிக்க ஒரு கை வெளியே இருந்தது. மருந்துக்குழலைப் பிடிக்க இன்னொன்று. வேறு ஒன்றும் தேவைப்படவில்லை.

கழுத்துக்கு வந்தபோது பூவாயி அக்கா என் பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தாள். என் முகமும் முறிந்த தண்டுகளும் ஒரே உயரத்தில் இருந்தன.

“அங்கேருந்து பாக்க நல்லாத் தெரியுதா?” என்று கேட்டாள்.

“தெரியுதுக்கா.”

“எந்தப் பக்கமா சாஞ்சிருக்கு எல்லாம்?”

பார்த்தேன். சுற்றிலும் பார்த்தேன்.

“எம் பக்கமா.”

“சரி” என்றாள். “அங்கேருந்தே அடிக்க ஆரம்பி.”