என்ன மருந்து குடிச்சாரு

செல்லதுரையின் இமையைத் தூக்கி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். மறு கண்ணையும் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கண்ணுமணி ரெண்டும் ஊசிமுனையாட்டம் சுருங்கியிருக்கு. என்ன மருந்தும்மா குடிச்சாரு?"

"எதுவும் குடிக்கலைங்க," என்றாள் அவர் மனைவி ஈஸ்வரி. "தண்ணி பாய்ச்சப் போனவரு வரப்புல விழுந்து கெடந்தாரு."

"வயலுக்குப் பூச்சிமருந்து அடிச்சாரா?"

"இல்லைங்க. இப்பத்தான் நடவே முடிஞ்சுது."

"வீட்டுல ஏதாவது சண்டையா?"

நர்சும் அதையே கேட்டாள். ஸ்ட்ரெச்சர் தள்ளியவரும் கேட்டார். மன்னார்குடி பஜாரிலிருந்து பைக்கில் ஓடிவந்த கொழுந்தன் தியாகேசன் அவளை ஓரமாக அழைத்தான்.

"மறைக்காதீங்க அண்ணி. என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் காப்பாத்த முடியும்."

"எத்தனை பேருகிட்டதான் சொல்றது தம்பி? நீங்களே மோந்து பாருங்க, வாடை வருதான்னு."

அவன் நிஜமாகவே போய்க் குனிந்து மோந்து பார்த்தான். வாடை இல்லை. அப்படியும் அவன் முகம் தெளியவில்லை.

கட்டிலில் கிடந்தவர்மேல் அவளுக்கு எரிச்சலாக வந்தது. பிரஷர் மாத்திரை போட்டாச்சா என்று கேட்டால் எப்போதும் ஒரு 'ம்'. அதுவும் பொய். இப்போது ஊர்ப்பட்ட கேள்விக்கு இவள் பதில் சொல்ல வேண்டும். அவர் பாட்டுக்குக் குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறார். ஒரு வார்த்தை, குடிக்கலை என்று, அவரே சொல்லித் தொலைக்கலாம்.

பிரஷர் எக்கச்சக்கமாக இருக்கவே ஆம்புலன்சில் தஞ்சாவூருக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா சொன்னாள்: "விஷமில்லைம்மா. பிரஷர் ஏறி மூளைத்தண்டுல ரத்தம் கசிஞ்சிருக்கு. அதுலயும் கண்ணுமணி இப்படிச் சுருங்கும்."

"கேட்டுக்கிட்டீங்களா தம்பி?"

தியாகேசன் தலையைக் குனிந்துகொண்டான். ஜெயித்துவிட்டதுபோல் நின்ற ஈஸ்வரிக்கு, டாக்டரம்மா அடுத்துச் சொன்னது தாமதமாகத்தான் உறைத்தது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றாள்.

மறுநாள் காலையில் உயிர் போயிற்று.

வீட்டில் கிடத்தியதும் அடுத்த தெருக் கமலவல்லி ஓடிவந்து ஈஸ்வரியைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே காதோரமாகக் கேட்டாள்: "என்ன மருந்துடி குடிச்சாரு?"

ஈஸ்வரி அவள் கைகளை விலக்கினாள்.

"மருந்தே குடிக்கலைக்கா. சொன்னேன், சொன்னேன், குடிக்கவே இல்லை. அதான் செத்தாரு."

கூடத்தில் ஒப்பாரி நின்றது. யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் எழுந்து கொல்லைக்குப் போனாள். கொடியில் அவருடைய வெள்ளைச் சட்டை, இரவு பெய்த மழையில் நனைந்து, ஒரு பக்கம் மட்டும் காய்ந்திருந்தது. உதறி, மறுபக்கம் வெயில் படும்படி திருப்பிப் போட்டாள்.