சரக்கில்லாத கடை

வாஹித் பி.காம். படித்தது கணக்கெழுதிப் பிழைக்க. சார்ஜாவில் அவனுக்குக் கிடைத்ததோ தண்ணீர் கேன் ஏற்றி இறக்கும் வேன். படிப்புக்கும் பிழைப்புக்கும் பொருத்தம் பார்த்துக்கொண்டிருந்தால் அவன் ஊரான கழனிவாசலில் பாதி வீட்டில் அடுப்பு எரியாது. அதனால் யாரும் பார்ப்பதில்லை. கல்யாணமான மூன்றாம் மாதமே விமானம் ஏறினான். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, ஒரு மாதம் லீவு. முதல் லீவு முடிந்து திருச்சிக்குப் போகிற காரில் பெட்டியை ஏற்றிவிட்டு அவன் திரும்பிப் பார்த்தபோது, ஹாஜிராவின் மனசில் ஒரே ஒரு எண்ணம்தான் இருந்தது. இந்த மனுசனை எப்பாடு பட்டாவது ஊரோடு இருக்க வைத்துவிட வேண்டும்.

அதற்கு வழி செய்தித்தாளில் வந்தது. ஊரிலேயே இருக்கிற பல்கலைக்கழகம் தபால் வழியில் எம்.பி.ஏ. நடத்துகிறது என்று விளம்பரம். தொண்ணூற்றைந்தாம் வருடம் அது. எம்.பி.ஏ. என்ற மூன்று எழுத்துக்கு அப்போது இருந்த மவுசே வேறு. படித்துவிட்டால் மில்லில் மேனேஜர் நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி, சாயங்காலம் ஆறு மணிக்கு வீடு என்று ஊரே நம்பியது. நாற்காலியும் மின்விசிறியும் யாருக்கு வேண்டும்? ஆறு மணிக்கு வீடு என்பதில்தான் ஹாஜிராவின் கண் நின்றது. வாஹித் பேரில் விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

புத்தகங்கள் பார்சலில் வந்து இறங்கின. அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்டதற்கு அவன் போனில் சிரித்தான். விடியக்காலையில் வண்டியில் ஏறினால் ராத்திரிதான் இறங்குகிறான். அறையில் எட்டுப் பேர். புத்தகத்தைப் பிரித்தால் படுக்க இடம் இருக்காது.

"வண்டில டேப்பு மட்டும் நல்லாப் பாடுது. நீ வேணா வாசிச்சு அனுப்பு, கேட்டுக்கிட்டே ஓட்டுறேன்" என்றான்.

விளையாட்டுக்குத்தான் சொன்னான். ஹாஜிரா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளும் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள்; படித்தது பரணில் கிடந்தது. அடுத்த வாரமே செக்காலை ரோட்டுக் கடையில் அரை டஜன் கேசட் வாங்கி வந்தாள்.

மதியம் லுஹர் தொழுகை முடிந்து தெரு கண்ணயர்கிற நேரம்தான் அவளுக்குத் தோது. கூடத்தில் டேப்ரெக்கார்டரை வைத்துச் சிவப்புப் பொத்தானை அமுக்குவாள். அமுக்கின உடனே மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்காருவார்.

"இப்ப அவனுக்குக் கேக்குமா?" என்று முதல் நாள் காதோடு கேட்டார்.

இப்போது கேட்காது, கேசட் போய்ச் சேர்ந்த பிறகுதான் கேட்கும் என்று ஹாஜிரா எத்தனையோ தடவை விளக்கினாள். மாமியார் தலையைத் தலையை ஆட்டினார். ஆனாலும் அந்தப் பெட்டி ஓடுகிற வரைக்கும் பாத்திரத்தைக் கூடச் சத்தம் வராமல்தான் வைப்பார். மகன் கேட்டுக்கொண்டிருக்கும்போது தட்டுமுட்டுச் சத்தம் போடுகிற வீடா இது?

முதல் பாடம், மேலாண்மை என்றால் என்ன. ஆங்கிலத்தில் ஒரு பத்தி வாசிப்பாள், பிறகு தமிழில் சொல்லுவாள். திட்டமிடல் என்ற தலைப்புக்கு வந்திருப்பாள், அடுப்படியில் இருந்து ஒரு வாசனை. "இருங்க மச்சான், பால் பொங்குது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்துவிட்டு வந்து, "வந்துட்டேன்" என்று விட்ட இடத்தில் தொடர்ந்தாள். பெட்டியை நிறுத்த வேண்டும் என்பது புத்தியில் உறைக்கவே இல்லை.

திருப்பிப் போட்டுக் கேட்டபோதுதான் வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒரு வரியை விட்டது, ஒரு வரியை இரண்டு தடவை வாசித்தது, நடுவில் செருமியது, அவள் ஓடின காலடிச் சத்தம், கரண்டி விழுந்தது, மாமியாரின் இருமல், தெருவில் போன உப்புக்காரரின் குரல், எல்லாம் ஒன்றுவிடாமல் பதிவாகி இருந்தது. மறுபடி வாசிக்க நேரமில்லை. அதே தெரு அல்லாபிச்சை, சார்ஜாவுக்குத் திரும்புகிறவர், வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஊறுகாய்ப் பாட்டிலோடு கேசட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு, இனி இப்படி நடக்கக் கூடாது என்று தலையில் குட்டிக்கொண்டாள். அதற்குப் பிறகு நடக்கவும் இல்லை.

போகிறவர் வருகிறவர் கையிலெல்லாம் கேசட் போனது. வாஹித் பதிலுக்கு ஒன்று அனுப்பியதில்லை. வேனில் இருந்த டேப்புக்குப் பாடத்தான் தெரியும், பதியத் தெரியாது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பக்கத்து வீட்டுக்குப் போன் வரும். மாமியார் பேசி மிச்சம் வைப்பதுதான் ஹாஜிராவுக்கு. அதையும் பக்கத்து வீட்டுக் கூடத்தில் நாலு பேர் பார்க்க நின்றுகொண்டு பேச வேண்டும். "பாடம் வெளங்குதா?" என்பாள். "வெளங்குது" என்பான். புருசன் பெண்டாட்டி பேச்சு அத்தோடு சரி.

கேசட்டிலாவது மனசில் இருப்பதைச் சொல்லலாமே என்றால், இந்தப் பக்கம் மாமியார், அந்தப் பக்கம் வேனில் அவனோடு வருகிற கிளீனர். ஹாஜிராவுக்கு நெஞ்சு முட்டியது. அவன் சட்டையின் வாசனைகூட அலமாரியில் இருந்து போய்விட்டிருந்தது. அதை யாரிடம் சொல்லி அழ?

முட்டியது கடைசியில் உதாரணங்களில் வழிந்தது. புத்தகத்தில் எதற்கெடுத்தாலும் அமெரிக்கக் கார் கம்பெனி. தண்ணீர் வேன் ஓட்டுகிறவனுக்கு அது எதற்கு என்று அவளே உதாரணம் கட்ட ஆரம்பித்தாள். தகவல் தொடர்பு பற்றிய பாடத்தில், நாலு பேர் நடுவில் போன் பேசுகிற ஒருத்தி வந்தாள். சரக்கு இருப்புப் பாடம் வந்தபோது ஒரு கடை வந்தது.

"உதாரணத்துக்கு ஒரு கடை இருக்குன்னு வச்சுக்கங்க. அங்க ஒரே ஒரு சரக்குதான். அதுவும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா, ஒரு மாசந்தான் வரும். கடைக்காரி தெனமும் கடையத் தெறந்து, கூட்டிப் பெருக்கி, வெளக்கப் போட்டு வச்சிருக்கா. சரக்கு வச்சிருந்தா ஆகுற செலவ எல்லாரும் கணக்குப் பாப்பாக. சரக்கு இல்லாம இருக்குறதுக்கும் ஒரு செலவு இருக்கு. அது எந்த ரசீதுலயும் வராது. ஆனா அதுதான் பெருஞ்செலவு."

மாமியார் பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, அந்தக் கடையை மூடிவிட்டு வேறு வேலை பார்க்கலாமே என்றார். ஹாஜிரா பெட்டியை அணைத்துவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வர வரச் சிரித்தாள்.

இடையில் வந்த பரீட்சைக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. இரண்டு வருடத்துப் பேப்பரையும் ஒன்றாக எழுதுவது என்று முடிவு செய்து, அடுத்த லீவைப் பரீட்சையோடு பொருத்தி வந்து சேர்ந்தான். கறுத்து, இளைத்து, முன்தலையில் கொஞ்சம் வழுக்கை. வந்த ஒரு மாதமும் பரீட்சையிலேயே கரைந்தது. அவள் பாதி நாள் டீ போட்டுக் கொடுத்தே ஓய்ந்தாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அதுதான்.

ஒரு நாள் பரீட்சை முடிகிற நேரத்துக்கு, கடைத்தெருவுக்குப் போகிற சாக்கில் ஹாஜிரா பல்கலைக்கழக வாசலுக்கே போய்விட்டாள். வாஹித் வெளியே வந்தவன் அவளைப் பார்த்ததும் நேரே அவளிடம் வந்தான். 

"சரக்கு இருப்புக் கேள்வி வந்துச்சு. ஒன் கடையத்தான் எழுதுனேன்" என்றான்.

"நல்லா எழுதுனீகளா?"

"நல்லாத்தான் ஓடுச்சு. அந்தக் கடை புத்தகத்துல உள்ளதுன்னுல நெனச்சிருந்தேன்? தெனமும் கடையத் தெறந்து வச்சிருக்கான்னு எழுதுறப்ப பேனா நின்னுபோச்சு. அந்தக் கடைக்காரி யாருன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு ஹாஜிரா. சூப்பர்வைசர் வந்து, தண்ணி வேணுமா தம்பின்னு கேக்குறாரு."

அவள் மரத்தைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள், அவனைப் பார்க்க முடியவில்லை. முன்னாடியே சொல்லியிருக்கலாமே என்று அவன் கேட்டான். எங்குட்டு நின்று சொல்வது என்று அவள் திருப்பிக் கேட்டாள்.  அன்று வீட்டுக்குப் பஸ்ஸில் போகவில்லை. அவ்வளவு தூரமும் நடந்தே போனார்கள், அவள் முக்காடு ஒரு பக்கம் நழுவ, அவன் செருப்பு வாரை இழுத்து இழுத்து மாட்டிக்கொண்டு.

கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மதுரை ரோட்டில் ஒரு மில்லில் வேலை கேட்டுப் போய் வந்தான். அங்கே இருந்தவர் தங்கமான மனிதர். காபி கொடுத்தே அனுப்பினார். படிப்பு சரி, ஆபீஸ் அனுபவம் எத்தனை வருடம் என்று கேட்டிருக்கிறார். வேன் ஓட்டிய அனுபவத்தை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ரிசல்ட் வரட்டும், பார்ப்போம் என்று ஹாஜிராவிடம் சொல்லிவிட்டு அவன் பெட்டியைக் கட்டினான். இந்தத் தடவை காரில் ஏறும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் ஏற முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

ரிசல்ட் வந்தது. முதல் வகுப்பு. தெருவே மிட்டாய் தின்றது. அந்த வெள்ளிக்கிழமை போனில் மாமியார் அழுது முடித்து ரிசீவரைக் கொடுத்தார்.

"கம்பெனில ஆபீசுக்குள்ள ஒக்காரச் சொல்றாக. ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாக" என்றான் வாஹித். "ஊருக்கு வான்னு நீ சொன்னா வந்துருவேன். சொல்லு, போடவா, வந்துரவா?"

வந்துருங்க என்ற சொல் அவள் தொண்டைக்கு வந்துவிட்டது. ஐந்து வருடமாக அடக்கி வைத்த அந்த ஒரு சொல்லைச் சொல்லத்தானே இத்தனை கேசட்டும். ஆனால் அவன் மட்டுமா எம்.பி.ஏ. படித்தான்? அவளும்தான் எழுத்தெழுத்தாக வாசித்திருந்தாள். இப்போது வந்தால் மில்காரர் மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்பார். ஆறு மாதம் வெறும் கையோடு சுற்றிவிட்டு மறுபடி வேன் ஓட்டப் போவான். இரண்டு வருட ஆபீஸ் அனுபவம் இருந்தால்தான் ஊர் அவனை உள்ளே விடும். படித்த படிப்பு அவளுக்கே எதிராகச் சாட்சி சொன்னது.

"கையெழுத்தப் போடுங்க" என்றாள். சொல்லிவிட்டுத் தன் நாக்கின் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது. பக்கத்து வீட்டுக் கூடத்தில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"ஆபீஸ்ல டேப்பு இருக்கா?"

"மொதலாளி ரூம்ல ஒண்ணு இருக்கு. ரெக்கார்டே பண்ணலாம். எதுக்கு?"

"நான் எம் பேருக்கு அப்ளிகேசன் போடப் போறேன். இனிமே நீங்க வாசிங்க, நான் கேக்குறேன்."

"புத்தகம்லாம் அங்குட்டுல இருக்கு. எதப் பாத்து வாசிக்க?"

"அது ஒங்க பாடு மச்சான். எனக்கு ஒங்க கொரல் வேணும்."

நாலு பேர் முன்னால் சொல்லியே விட்டாள். பக்கத்து வீட்டு அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஹாஜிரா பேருக்குப் புத்தகப் பார்சல் வந்து சில வாரம் ஆன பிறகு, அல்லாபிச்சை கையில் ஒரு கேசட் வந்தது. மேலே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. லுஹர் முடிந்து கூடத்தில் பெட்டியை வைத்தாள். மாமியார் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாடம் ஒண்ணு. மேலாண்மை என்றால் என்ன" என்றான் வாஹித்.

அந்தக் குரல் கூடத்தை நிறைத்தது. மாமியார், "நல்லாருக்கியாப்பா?" என்று பெட்டியைக் கேட்டார். ஹாஜிரா புதுப் புத்தகத்தைப் பிரித்து வரியில் விரலை வைத்துத் தொடர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் விரல் வழி தவறியது. அவன் சொல்வது புத்தகத்தில் உள்ள வரிசையில் இல்லை. ஒரு வரியை விட்டான், ஒரு வரியை இரண்டு தடவை சொன்னான், நடுவில் தொண்டையைச் செருமினான். அது அவள் விட்ட வரி. அவள் இரண்டு தடவை வாசித்த வரி. அவள் செருமிய இடம். புத்தகம் இல்லாத மனுசன், அவள் அனுப்பிய முதல் கேசட்டை அப்படியே மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டிருந்தான். எத்தனை ஆயிரம் தடவை போட்டுக் கேட்டிருந்தால் இப்படி வரும்?

ஹாஜிரா புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள். திட்டமிடல் வந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். வருமா என்றும் பயமாக இருந்தது.

"இருங்க, பால் பொங்குது" என்றான் வாஹித்.

மாமியார் பதறி எழுந்தார். "வாஹிது சொல்றானே, காதுல விழலையா?" என்று அடுப்படிக்கு ஓடினார். டேப்பில் குரல் இல்லை. சார்ஜாவில் ஏதோ ஓர் அறையில் ஏசி இரைகிற சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அன்றைக்கு அடுப்பை அணைத்து, மேடையைத் துடைத்து, திரும்பி வந்த நேரம் முழுவதையும் அவன் அங்கே சும்மா உட்கார்ந்து கழித்திருக்கிறான். அடுப்பில்லாத, பாலில்லாத ஓர் ஆபீசில்.

மாமியார் கையில் துணியோடு அடுப்படி வாசலில் வந்து நின்றார். "அடுப்பே பத்தவைக்கலையே" என்றார்.

ஹாஜிரா பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வந்துட்டேன்" என்றது டேப்.

மாமியார் சட்டென்று தெருவாசலைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த ஹாஜிராவும் பார்த்தாள்.