எல்லாம் இரண்டு

எங்கள் வீட்டில் எதை வாங்கினாலும் இரண்டாகத்தான் வாங்குவார்கள். சின்ன வயதில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்காக நானும் தம்பியும் போட்ட சண்டையில் என் முன்பல் உடைந்தது. அன்றோடு அப்பா முடிவு செய்துவிட்டார். ஒரே நிறம், ஒரே அளவு, ஒரே கடை. குடை இரண்டு, மேசை விளக்கு இரண்டு. எது யாருடையது என்று கேட்டால், எதை எடுத்தால் என்ன, இரண்டும் ஒன்றுதானே என்பார். சண்டை குறைந்ததா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கம்ப்யூட்டரை இரண்டாக வாங்க வசதியில்லை. அதற்கும் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரே பெட்டிக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க், அச்சில் வார்த்த மாதிரி. மேலே இருப்பது என்னுடையது, கீழே இருப்பது அவனுடையது. பெட்டியைப் போட்டதும் திரையில் எங்கள் பெயர்கள் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும். என்னுடையதில் கட்டடக்கலை இறுதியாண்டு வரைபடங்கள். அவனுடையதில் விளையாட்டு, இன்னும் விளையாட்டு, போனால் போகிறதென்று கொஞ்சம் பாடம்.

வரைபடங்களை இன்று மாலைக்குள் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஒரு வருடம் வீண். பென் டிரைவில் ஒரு நகல் இருந்தது, ஆனால் அந்த நகலில் என் கட்டடத்துக்குக் கூரைகூட கிடையாது. தினமும் நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்ட புத்திசாலி நான்.

காலையில் ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது வாசலிலேயே பிளாஸ்டிக் கருகிய வாசனை வந்தது. செருப்போடு உள்ளே ஓடினேன்.

அறையில் கம்ப்யூட்டர் வயிறு திறந்து கிடந்தது. பக்கத்தில் தம்பி பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். புதிதாக வந்த ஏதோ ஒரு ஆட்டத்துக்குப் பழைய பெட்டி தாங்காது என்று மாதக்கணக்கில் புலம்பிக்கொண்டிருந்தவன். சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துச் சேர்த்த காசில் யாரோ கழித்துக்கட்டிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றை வாங்கியிருந்தான். அதற்குத் தீனி போடப் பழைய பவர் சப்ளையால் முடியாது என்பதால் அதையும் பழையதாகவே ஒன்று வாங்கினான். அதில் டிஸ்குக்குப் போகும் வயரைக் காணோம். நண்பன் ஒருவன் வேறு கம்பெனி வயரைக் கொடுத்தான். சரியாகப் பொருந்தியது. பொருந்தினால் போதாது, எந்தக் கம்பியில் எவ்வளவு மின்சாரம் வரும் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதை 'டப்' என்ற சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்துகொண்டிருக்கிறான்.

நான் வாயைத் திறக்கும் முன் கட்டிலைக் காட்டினான். "உன்னுத முன்னாடியே கழட்டிட்டேன்கா. என்னுதுலதான் டெஸ்ட் பண்ணேன்."

கட்டிலில் துண்டு சுற்றி ஒரு டிஸ்க் இருந்தது. போன உயிர் திரும்பி வந்தது. பரவாயில்லை, இவனுக்கும் அறிவு வேலை செய்கிறது என்று சொல்லப்போனேன்.

வாசனைக்கு எழுந்து வந்த அப்பா கதவருகிலேயே நின்றுவிட்டார். எதையோ மென்று விழுங்கினார்.

"ஞாயித்துக்கிழமை பெட்டியத் தொறந்து தூசி தட்டினேன். ரெண்டையும் வெளிய எடுத்துத் தொடச்சேன்."

"திரும்ப எத எங்கப்பா வச்சீங்க?" என்றான் தம்பி.

அப்பா இரண்டு டிஸ்கையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒன்றுதானே என்ற வழக்கமான பதில் இன்று அவர் வாயில் வரவில்லை.

தம்பி, பெட்டியோடு வந்த பவர் சப்ளையையே திரும்ப மாட்டி, துண்டில் இருந்த டிஸ்கைச் செருகினான். பெட்டி உறுமியது. திரை கறுப்பாகவே இருந்தது. வெள்ளைப் பின்னணியில் நான் வரைந்த படிக்கட்டு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வந்தது சிவப்புக் கண் டிராகன். அவனுடையது. எரிந்தது என்னுடையது.

அதன் பிறகு அவனைக் கழுவிக் கழுவி ஊற்றினேன். உன் ஆட்டத்துக்கு என் படிப்புதான் கிடைத்ததா என்றேன். என் முகத்தில் விழிக்காதே என்றேன். அப்பாவையும் விடவில்லை. தம்பியின் போன் விடாமல் அடித்தது. மாலை ஆன்லைன் போட்டிக்கு அணியில் எல்லோரும் காத்திருந்தார்கள். அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு, எரிந்த டிஸ்கைத் திருப்பிப் பார்த்தான். அடியில் இருந்த பச்சை போர்டில் மிளகு அளவுக்குக் கருகல்.

பிறகு பெட்டியை அணைத்து, தன் நல்ல டிஸ்கை வெளியே எடுத்து, நட்சத்திர முனை ஸ்க்ரூடிரைவரால் அதன் திருகாணிகளைக் கழற்ற ஆரம்பித்தான்.

"என்னடா பண்ற?"

"போர்டுதான் எரிஞ்சிருக்கு. உன் படமெல்லாம் உள்ள சுத்தற தட்டுல இருக்கு. என் போர்ட உன்னுதுல மாட்டிப் பாக்கறேன். புது டிஸ்கா இருந்தா நடக்காது. இது பழசு, ரெண்டும் ஒரே மாடல்."

"நடந்துடுமா?"

"உள்ளயும் கருகியிருந்தா இந்த போர்டும் போயிடும்."

"போனா?"

"ரெண்டும் போச்சு." தலையைத் தூக்காமலே சொன்னான்.

அவன் டிஸ்கில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூட நாளிலிருந்து ஆட்டங்களில் அவன் ஏறிய ஒவ்வொரு படியும் அதில்தான் இருந்தது. வெறும் விளையாட்டு என்று எத்தனையோ முறை சிரித்திருக்கிறேன். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எனக்கு என் வரைபடம் வேண்டும்.

ஒரு திருகாணி அவன் விரலிலிருந்து நழுவி உருண்டு கட்டிலுக்கு அடியில் போனது. அப்பா மண்டியிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தார். போர்டு என் டிஸ்கில் உட்கார்ந்தது. தம்பி பொத்தானில் விரலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

உள்ளே எதுவோ கரகரத்து நின்றது. மறுபடி கரகரத்து, சுழல ஆரம்பித்தது. திரையில் வெள்ளை பரவியது. அதில் என் படிக்கட்டு.

நான் அழுதுவிட்டேன், அதில் என்ன வெட்கம். முதலில் பென் டிரைவில் நகல் எடுத்து, பிறகு கல்லூரிக்கு அனுப்பி, வந்து சேர்ந்தது என்ற பதில் வரும்வரை அவன் பக்கம் திரும்பவில்லை. திரும்பியபோது அவன் போர்டு இல்லாத தன் டிஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என்னை அவசரப்படுத்தவில்லை.

பெட்டியை அணைத்துவிட்டு, ஸ்க்ரூடிரைவரை எடுத்து என் டிஸ்கிலிருந்து போர்டைக் கழற்ற ஆரம்பித்தேன்.

"புதுசா ரெண்டு வாங்கிடலாமா?" என்று அப்பா மெல்லக் கேட்டார்.

"வேணாம்ப்பா. இந்த போர்டு ஒண்ணு போதும். மாத்தி மாத்தி வச்சுக்கறோம்" என்றேன்.

தம்பி கையை நீட்டினான். கழற்றிய திருகாணிகளை ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையில் வைத்தேன்.