பதினொரு வயது ஃபிரேம்

குழந்தைகளுக்கான ஃபிரேம்கள் கடையின் கீழ்த்தட்டில் இருக்கும். அவன் குனிந்து ஒன்றை எடுத்தான். நீல நிறம்.

"யாருக்கு அது?" என்றார் முதலாளி.

"வரையறதுக்கு. நாளைக்குக் கொண்டுவந்துடறேன் சார்."

"பெரிய ஓவியர் ஆயிட்டே. என்னையும் ஒரு நாள் வரைஞ்சு குடு. வழுக்கையை மட்டும் விட்டுடு."

"வழுக்கைதான் சார் சுலபம்."

மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்த்துப் பொருத்துவது அவன் வேலை. வரைவது ஆறு மாதமாக, சனிக்கிழமை காலைகளில், நூலக மாடியில். அங்கே வருகிறவர்கள் எல்லோரும் நாற்பதைத் தாண்டியவர்கள். முதல் வகுப்பில் ஒரு தண்ணீர் ஜாடியை வரைந்தார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் தன் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா வரும்னு சொல்வாங்க. எனக்குக் குரங்குகூட வரலைங்க."

"மனசுல இருக்கிற ஜாடியை வரையாதீங்க. முன்னால இருக்கிற ஜாடியை வரைங்க" என்றார் ஆசிரியை.

வீட்டில் இதை மனைவியிடம் சொன்னான். சமையலறை ஜாடியின் வாயைக் காட்டி, "இங்கேருந்து பார்த்தா இது வட்டமே இல்ல, தெரியுமா?" என்றான்.

"இத்தனை வருஷம் இதுல தண்ணி ஊத்தறேன். இது தெரியாமப் போச்சே எனக்கு" என்று சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

ஒரே மகள். வாலு என்று கூப்பிட்டார்கள். நான்கு வயதில் காய்ச்சலில் போனாள். ஏழு வருடம் ஆகிறது.

சென்ற மாதம் ஒரு வகுப்பில் தலை வரைந்தார்கள். கண்கள் தலையின் நடுவில் இருக்கின்றன என்றார் ஆசிரியை. புதிதாக வரைபவர்கள் மேலே தூக்கி வைத்துவிடுவார்கள். குழந்தைக்கு நடுவுக்கும் கீழே. வளர வளரத் தாடை நீளும். கண்கள் மேலே ஏறியதுபோல் ஆகும்.

"பதினொரு வயசுல எங்க இருக்கும் மேடம்?"

"யாரை வரையறீங்க?"

"பொண்ணை."

"கூட்டிட்டு வாங்களேன். எதிர்ல உட்காரவெச்சு வரையலாம்."

"பள்ளிக்கூடம் இருக்கு."

"சனிக்கிழமையா?"

அவன் பென்சிலைச் சீவினான். ஏற்கெனவே கூராக இருந்தது.

முகம் வரவில்லை. இரண்டு வாரம் வரைந்து அழித்தான். எதிரில் ஏதாவது இருந்தால் வரும் என்று தோன்றியது. அதற்குத்தான் அந்த ஃபிரேம்.

மாலையில் அதைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்திவைத்து வரைந்தான். நீலச் சட்டம் நன்றாக வந்தது. கீலும் அதன் நிழலும் வந்தன. பிறகு அதற்குப் பின்னால் கண்களை வைத்தான். நெற்றி, மூக்கு, இரட்டைப் பின்னல்.

மனைவி காய்ந்த துணிகளோடு உள்ளே வந்தாள். முதலில் ஃபிரேமைப் பார்த்தாள்.

"இது யாருக்கு?"

அவள் துணிகளை நாற்காலியில் போட்டுவிட்டுத் தாளை எடுத்தாள்.

"யாரு இது?"

"வாலு. இப்போ இருந்திருந்தா..."

அவள் வெகுநேரம் பார்த்தாள்.

"இது உங்க தங்கச்சி."

அவன் எட்டிப் பார்த்தான். தங்கைதான். தாடைகூட அவளுடையது.

"என் பிள்ளைக்கு நாலு வயசு" என்றாள். "நான் பெத்தது அவளை. இவ யாருன்னு எனக்குத் தெரியாது. எதுக்கு இவளைக் கொண்டுவந்து வீட்ல வைக்கறீங்க?"

"முகம் மறந்துபோகுது."

"சுவத்துல போட்டோ இருக்கே."

"போட்டோவைப் பார்த்தா போட்டோதான் ஞாபகம் வருது. அவ வரலை. எல்லாப் பிள்ளையும் வளருது. தெருவுல பார்க்கறேன். இவளும் வளர்ந்தா கூடவே வந்துடுவான்னு நினைச்சேன்."

அவள் தாளை மேசையில் கவிழ்த்துவைத்தாள். துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு சட்டையை இரண்டு முறை மடித்தாள். பிறகு உள்ளே போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்தபோது கையில் வாலு போட்டிருந்த சிறிய சிவப்புக் கண்ணாடி இருந்தது. அந்த லென்ஸைத் தேய்த்தது அவன்தான்.

"முன்னால இருக்கிறதைத்தானே வரையச் சொன்னாங்க உங்க டீச்சர்" என்றாள். "இது இருக்கு."

அவன் நீல ஃபிரேமை உறையில் போட்டுப் பைக்குள் வைத்தான். புதுத் தாள் எடுத்தான்.

சிவப்புச் சட்டம் சின்னது. மூக்குத் தாங்கியில் ஒன்று மஞ்சளாகியிருந்தது. வலது லென்ஸில் கீறல். அதையும் வரைந்தான். இடது காதில் மாட்டும் காம்பின் நுனிக்கு வந்ததும் நிறுத்தினான். பிளாஸ்டிக் நசுங்கி, சிறு சிறு பள்ளங்களாக இருந்தது.

"கடிச்சுக்கிட்டே இருப்பா" என்றாள்.

"கரும்பா அதுன்னு திட்டுவேன்" என்றான்.

"கரும்புன்னா இனிக்கும்ப்பா, இது உப்புன்னு சொன்னா."

அவனுக்கு அது நினைவில் இல்லை. அவள் சொன்ன பிறகும் வரவில்லை. குனிந்து பார்த்தான். மேலே இரண்டு பல் பதிந்த தடம், கீழே ஒன்று. மேசையில் வைத்தால் அவை நிழலில் மறைந்தன. அவள் கண்ணாடியை எடுத்து, நுனி வெளிச்சத்தில் படும்படி சாய்த்துப் பிடித்தாள். பள்ளங்களின் நிழல் அசைந்தது.

"அசையாதே" என்றான்.

அவள் இன்னொரு கையையும் கொடுத்துப் பிடித்துக்கொண்டாள். அவன் பென்சிலைச் சீவி, முதல் பல்லிலிருந்து ஆரம்பித்தான்.