கணக்கியலுக்கு நாலு கிரெடிட்

பெறுபேறு வந்துவிட்டதென்று வட்ஸ்அப் குழுவில் செய்தி விழுந்தபோது நஸ்லியா குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பல்கலைக்கழகத்தில் அவளுடைய முதலாம் வருடப் பெறுபேறு. கணக்கியலுக்கு சி பிளஸ். புள்ளிவிபரவியலுக்கும் அதுவே. பொருளியலுக்கு பி. அதுவரை மூச்சு ஒழுங்காகத்தான் வந்தது. கீழே கணினிச் செய்முறைக்கும் தொடர்பாடலுக்கும் டி கிடந்தது. அந்த இரண்டு சோதனைகளும் நடந்த கிழமை அவளுக்கு டெங்கு. காய்ச்சலோடு போய் உட்கார்ந்து என்ன எழுதினாள் என்பதுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை.

டி என்றால் பெயில் இல்லை. ஆனால் ஜீபீஏ என்ற சராசரிப் புள்ளி இரண்டுக்குக் குறைந்தால் இரண்டாம் வருடத்துக்கு ஏற முடியாது. கணக்குப் பார்க்கும் விதத்தை சீனியர் ஒருவன் குழுவில் முன்பே போட்டிருந்தான். ஏ என்றால் நாலு, பி மூன்று, சி இரண்டு, டி ஒன்று. பிளஸுக்கு தசம் மூன்று கூடும், மைனஸுக்கு தசம் மூன்று குறையும். எல்லாவற்றையும் கூட்டிப் பாடங்களின் எண்ணிக்கையால் பிரிக்க வேண்டியதுதான். நஸ்லியா போனில் கூட்டினாள், ஐந்தால் பிரித்தாள். 1.92.

விரல் தவறியிருக்கும் என்று மறுபடி போட்டாள். மாறவில்லை.

அந்த வீட்டில் பெறுபேறு என்ற சொல்லை யாரும் வாயில் எடுப்பதில்லை. அவளுடைய மூத்தவன், ஜுனைட் காக்காவும் பல்கலைக்கழகம் போனவன்தான். ஒரு வருடம் பின்தங்கினான். தம்பிமாரின் வயதுப் பிள்ளைகளோடு எப்படிப் போய் உட்காருவது என்று வீட்டுக்கு வந்துவிட்டான். மாதக்கணக்காக அறையைவிட்டு வெளியே வரவில்லை. தட்டில் சோற்றைக் கதவடியில் வைத்துவிட்டு உம்மா நின்று அழுவதை நஸ்லியா பார்த்திருக்கிறாள். பிறகு கட்டாருக்கு வேலைக்குப் போனான். இப்போதும் போன் எடுத்தால் சுகம் கேட்பதோடு சரி.

உம்மா கதவைத் தட்டினாள்.

"என்ன புள்ள, கதவச் சாத்திக்கிட்டு? ரிசல்ட் வந்திரிச்சாமே, உன்னோட படிக்கிற நுஸ்ஹாட உம்மா சொன்னா."

"இன்னும் வரல்ல உம்மா. சும்மா சொல்றாங்க."

"வந்தா சொல்லுடா மகள். எனக்கி நெஞ்சு அடிச்சிக்கிட்டே இரிக்கி."

அதற்குமேல் நஸ்லியாவால் வீட்டில் இருக்க முடியவில்லை. யசோதினியிடம் ஒரு புத்தகம் எடுக்க வேண்டும் என்று சொல்லி ஸ்கூட்டியை எடுத்தாள். மருதமுனையிலிருந்து பாண்டிருப்புக்குக் கொஞ்சத் தூரம்தான். ஆனால் பிரதான வீதியில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் தன் முகத்தில் அந்த எண்ணை வாசிப்பதுபோல அவளுக்குப் பட்டது. ஹோர்ன் அடித்துக்கொண்டு பின்னால் வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கக்கூடத் தோன்றாமல் நடு ரோட்டில் போனாள்.

யசோதினி அவளோடு ஒரே வகுப்பில் படிப்பவள். கடற்கரைக்குக் கிட்ட வீடு. தகப்பன் தங்கத்துரை தோணிக்காரர். தாய் இல்லை. ஸ்கூட்டிச் சத்தம் கேட்டதுமே அவள் வாசலுக்கு ஓடிவந்தாள்.

"எனக்கு ரெண்டு நாப்பத்தாறுடி! கணக்கியலுக்கு டி விழுந்தும் தப்பிட்டன். கணினிக்கு ஏ, பாரன்! உனக்கென்ன?"

நஸ்லியா போனை நீட்டினாள். யசோதினி பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"அழாத. மறுகா எழுதலாம். ரெண்டாம் வருசம் தொடங்க முந்தி ஒரு மீள்பரீட்சை வைப்பாங்க. விண்ணப்பம் போட இண்டைக்குப் பின்னேரம் வரைக்கும் இருக்கு. வா, உள்ள இருந்து போடுவம்."

விண்ணப்பப் பக்கம் மெல்ல மெல்லத் திறந்தது. எந்தப் பாடத்தை மறுபடி எழுதப்போகிறாய் என்று கேட்டது. ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே கிரெடிட் என்று ஒரு எண் நின்றது. கணக்கியலுக்கு நாலு, புள்ளிவிபரவியலுக்கும் பொருளியலுக்கும் மூன்று, மூன்று, மற்ற இரண்டுக்கும் ஒவ்வொன்று. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் விளக்கம். ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் பிரிக்க வேண்டும்.

நஸ்லியா அந்த வரியை நிறுத்தி வாசித்தாள். சீனியர் சொன்னது பிழை. எல்லாப் பாடமும் ஒரே பாரம் இல்லை. காய்ச்சலோடு எழுதிய இரண்டு பாடங்களும் பன்னிரண்டில் இரண்டு பங்குதான். பெருக்கினாள். கூட்டினாள். இருபத்தேழு தசம் ஒன்று. பன்னிரண்டால் பிரித்தாள். 2.25க்கும் கொஞ்சம் மேலே.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியே விட்டாள்.

யசோதினி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "சொன்னன்தானே! இரு, தேத்தண்ணி போட்டுத் தாறன்."

அவள் குசினிக்குள் போனாள். அவளுடைய போன் பெறுபேற்றுப் பக்கத்தோடு கட்டிலில் திறந்தபடி கிடந்தது. நஸ்லியாவின் கண் அதில் போய் விழுந்தது. கணக்கியல் டி. அதற்கு நாலு கிரெடிட். கணினி ஏ. அதற்கு ஒரே ஒரு கிரெடிட். வேண்டாம், வேண்டாம் என்று நினைத்தபடியே விரல்கள் பெருக்கத் தொடங்கின. 1.94.

அப்போதுதான் தங்கத்துரை உள்ளே வந்தார். கையில் பையொன்றில் பாரை மீன்கள். "வாங்க புள்ள. இத உம்மாக்குக் கொண்டு குடுங்க. என்ட மகள் பாஸெண்டு மீன் வாடியில எல்லாருக்கும் சொல்லிட்டன். என்னோட தோணியில வாற இளையதம்பிட மகன் ஓடிப்போய் கேக்கும் வாங்கி வந்து வெட்டிட்டான்." வெயிலில் கறுத்த அந்த முகம் அப்படி விரிந்து அவள் கண்டதில்லை.

நஸ்லியா மீன் பையை வாங்கிக்கொண்டாள். எழுந்து போய்விடலாம். தனக்குத் தெரியும் என்பது யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் பின்னேரத்தோடு விண்ணப்பம் மூடிவிடும். பிறகு யசோதினி ஒரு வருடம் பின்தங்க வேண்டியதுதான். கதவடியில் வைத்த சோற்றுத் தட்டு அவள் கண்ணுக்குள் வந்தது.

தங்கத்துரை கிணற்றடிக்குப் போனதும் யசோதினி தேத்தண்ணிக் கோப்பையோடு வந்தாள்.

"யசோ, உன்டயும் இப்படிப் போட்டுப் பாரு."

"எனக்கு எதுக்கு? நான் பாஸ்தானே."

"போட்டுப் பாருடி."

யசோதினி அவள் முகத்தைப் பார்த்தாள். குரல் மாறியது. "நீ பாத்திட்டாய், என்ன? உன்ட கூடினா என்ட குறையணுமா?"

"நான் குறைக்கல்லடி. நான் பிழையாப் பாத்திரிக்கலாம். நீயே போடு."

யசோதினி நின்றபடியே போட்டாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து போட்டாள். கிணற்றடியில் தகப்பன் வாளியால் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

"அப்பா ஊருக்கெல்லாம் சொல்லிட்டாரே," என்றாள் மெதுவாக. "நான் என்னெண்டு அவர்ர முகத்தப் பாக்கிற?"

"அது பிறகு. முதல் விண்ணப்பத்தப் போடு. கணக்கியல் ஒண்டு மட்டும் கூடினாக் காணும்."

யசோதினி போனைக் கட்டிலில் வைத்துவிட்டாள். நஸ்லியாதான் நிரப்பினாள். கடைசிப் பொத்தானை அழுத்தியதும் திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. சிக்னல் விட்டுவிட்டு வந்தது. விண்ணப்பம் கிடைத்தது என்ற வரி வந்தபோது யசோதினி முகத்தைத் தலையணைக்குள் புதைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து நஸ்லியா உண்மையைச் சொன்னாள்.

"ரெண்டே காலா? அது கூடவா, குறையவா புள்ள?" என்று உம்மா கேட்டாள்.

"தப்பிட்டன் உம்மா."

உம்மா அப்படியே நிலத்தில் உட்கார்ந்து அழுதாள்.

யசோதினி பல நாள் போன் எடுக்கவில்லை. ஒரு நாள் அவளாகவே வந்தாள், கணக்கியல் புத்தகத்தோடு. தகப்பனிடம் சொல்லிவிட்டாளாம். அவர் ஒன்றும் ஏசவில்லையாம். வாடிக்குப் போய், "மகள் இன்னுமொரு சோதின எழுதணும்" என்று எல்லோரிடமும் தானே சொன்னாராம். "அதுதான்டி எனக்கு இன்னும் கூடுதலாப் பயமா இருக்கு," என்றாள். இருவரும் நஸ்லியாவின் அறையில் உட்கார்ந்து, சொத்தையும் கடனையும் எழுதி ஐந்தொகைகளைச் சமப்படுத்திப் படித்தார்கள்.

மீள்பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று இருவரும் கல்முனை பஸ் நிலையத்தில் நின்றார்கள். யசோதினி திரையைப் பார்த்தாள். "சி மைனஸ்," என்றாள். "மைனஸ்டி. முடிஞ்சுது."

"பொறு."

சி மைனஸுக்கு ஒன்று தசம் ஏழு. நஸ்லியா நாலால் பெருக்கினாள். மற்றவற்றோடு கூட்டினாள். பன்னிரண்டால் பிரித்தாள்.

2.17.

"திரும்பப் போடு," என்றாள் யசோதினி.

திரும்பப் போட்டாள். அதே எண்தான். யசோதினி போனைப் பிடுங்கித் தானும் ஒருமுறை போட்டாள். அவர்கள் பல்கலைக்கழகத்துக்குப் போகவேண்டிய அக்கரைப்பற்று பஸ் வந்தது, ஆட்களை ஏற்றியது, போனது. அவள் ஏறவில்லை. தூணில் சாய்ந்து நின்று தகப்பனின் இலக்கத்தை அழுத்தினாள்.

"அப்பா," என்றாள். அதற்குமேல் கதைக்க முடியவில்லை. நஸ்லியா போனை வாங்கி, தங்கத்துரை பயந்துவிடக்கூடாதே என்று அவசரமாக, "பாஸ் மாமா, பாஸ்!" என்று சொன்னாள்.